கெப்பை உயர்த்தும் முன்: பலர் விடும் பிழைகள்

டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) வாங்கியவர்கள் பலர் முதலில் கேட்பது, "முன்பக்கம் பணிஞ்சு நிக்குதே, தூக்கலாமா?" என்றுதான். அது பழுதல்ல. பின்னால் சுமை ஏறும்போது வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகக் கம்பனியே அப்படிச் செய்திருக்கிறது. வெறும் வண்டியை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பின்பக்க மட்டத்துக்குத் தூக்கும் லெவலிங் கிட் போடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்யும் என் மச்சான் ஒருவர் அப்படித்தான் போட்டார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அறுவடை முடிந்து பத்து மூடை நெல் ஏற்றியதும் பின்பக்கம் அமர்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அன்றிரவு களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை வரைக்கும் எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். அவர் போட்டிருந்தது டிம் லைட்தான். அந்த வீதியில் இரவில் சைக்கிளில் ஆட்கள் வருவார்கள், மாடு படுத்திருக்கும். எதிரே வருபவருடைய கண் கூசினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வழக்கமாக ஏற்றும் சுமையை முதலில் ஏற்றுங்கள். மட்டமான தரையில் நிறுத்தி, நான்கு சில்லிலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து பாருங்கள். பின்பக்கம் அதிகம் அமர்ந்தால் அங்குள்ள ஸ்பிரிங் பிளேட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, கிட் போட்டால் வட்டை (வயல்) பாதையில் அடி தட்டாது என்பது. கிட் முன்பக்கத்து உடலைத்தான் தூக்கும். வரம்பில் முட்டும் பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் உருண்டை) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான். 265/65ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர், 285/70ஆர்17 என்றால் 831. கிடைப்பது 27 மில்லிமீற்றர் உயரம். அதற்கு விலையாக ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி முன்பைவிட 7 வீதம் கூடுதலாக ஓடும். பிரேக்குக்கும் வேலை கூடும். கடற்கரை மணலில் புதைகிறது என்பதற்காகப் பெரிய டயர் தேடுபவர்கள், முதலில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடிக்க வேண்டும்.

1990களின் மிட்சுபிஷி எல்200 போன்றவற்றில் முன்பக்கம் டோர்ஷன் பாரில் (ஸ்பிரிங் போல முறுகும் இரும்புக் கம்பியில்) நிற்கிறது. போல்ட்டை முறுக்கினால் உயரும், செலவும் இல்லை. அதனாலேயே அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறார்கள். முறுக்கிய பிறகு குனிந்து, சில்லைத் தாங்கும் மேல் ஆர்மைப் பாருங்கள். அது கீழே உள்ள ரப்பர் ஸ்டொப்பரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சில்லு கீழே இறங்க இடமே இல்லை. ஒவ்வொரு கிடங்கிலும் 'டொக்' என்று அடிக்கும், ஆர்மையும் சில்லையும் இணைக்கும் பால் ஜொயின்ட் சீக்கிரம் போய்விடும். ஆக்சில் சாய்வு கூடுவதால் சிவி பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, மாரியில் படுவான்கரைச் சேறு உள்ளே புகும். எந்த வழியில் உயர்த்தினாலும் அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட் வெளிச்சத்தையும் கீழே இறக்கி வையுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் டயரின் ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாகிவிடும்.

டயரைப் பொருத்தியதும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், ஒரு முன்சில்லை மேட்டில் ஏற்றியும் திருப்புங்கள். உள் பிளாஸ்டிக்கிலோ ஆர்மிலோ உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ரிம் அகலம் அந்த டயருக்குப் போதுமா என்று கேளுங்கள், பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. பாவித்த டயர் என்றால் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பூ (பள்ளம்) ஆழமாக இருந்தாலும் வயது போன ரப்பரை நம்ப முடியாது. இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்பெயார் சில்லு. நான்கையும் பெரிதாக்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விடுகிறார்கள். அந்தச் சின்னச் சில்லைப் பூட்டிக்கொண்டு தார் வீதியில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயலும், அந்த இழுபறி முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில்தான் விழும். ஐந்து டயருக்குக் காசு சேரும் வரை பழைய அளவிலேயே ஓடுங்கள்.