தவறணையும் ஒரு பாட் கணக்கும்: மாஸ்டடனில் ஏஐ மொடலை இணைப்பது எப்படி

தேயிலைத் தோட்டத்துச் சொல்லைக் கேட்டால் அர்த்தம் சொல்லும் பாட் (தானாகப் பதில் போடும் நிரல்) ஒன்றை மாஸ்டடன் என்ற சமூக வலைத்தளத்தில் விட்டிருக்கிறேன். இலங்கை மலையகத்தின் ஹட்டனில், 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. பைதன் கொஞ்சம் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

மாஸ்டடன் ஒரே கம்பனியின் கையில் இல்லை. பலர் நடத்தும் சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன.

முதலில் கணக்கு. நீங்கள் கணக்குத் திறக்கும் சர்வர் பாட்களை அனுமதிக்கிறதா என்று விதிகளைப் பாருங்கள். ப்ரொஃபைலில் ‘தானியங்கிக் கணக்கு’ என்பதற்கு டிக் போடுங்கள். பிறகு டெவலப்மென்ட் பக்கத்தில் புதிய அப்ளிகேஷன் ஒன்றைத் திறந்தால் ஆக்சஸ் டோக்கன் கிடைக்கும். அது வீட்டுச் சாவி; கோடுக்குள் எழுதாமல் தனி ஃபைலில் வையுங்கள்.

அடுத்து மொடல். மொடல்களை நம் லேப்டாப்பிலேயே ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளை நிறுவி, கூகுளின் ஜெம்மா 2 மொடலின் சிறிய வகையை இறக்கினேன், சுமார் 1.6 ஜிபி. இரவு டேட்டாவில் இறக்குங்கள். அதன்பின் லேப்டாப்பின் 11434ஆம் போர்ட்டுக்குக் கேள்வி அனுப்பினால் பதில் வரும்.

இனி இரண்டையும் முடிச்சுப் போடுவது. மாஸ்டடன்.பை என்ற பைதன் லைப்ரரி மூலம் நோட்டிபிகேஷன்களை எடுத்து, மென்ஷன்களை (பாட்டின் பெயரைக் குறிப்பிட்டு வரும் பதிவுகளை) மட்டும் பிரித்து, எச்டிஎம்எல் டேக்குகளைக் கழற்றி மொடலுக்குக் கொடுங்கள். வரும் பதிலை ரிப்ளையாகப் போடுங்கள். கடைசியாகப் பார்த்த நோட்டிபிகேஷனின் ஐடியைச் சேமிக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன்; கரண்ட் போய் வந்த ஒரு மாலையில் பழைய கேள்விகளுக்கெல்லாம் மறுபடியும் பதில் போட்டுத் தள்ளியது.

பதிவின் எல்லை வழக்கமாக 500 எழுத்து. ‘தேயிலை’ நமக்கு மூன்றெழுத்து, பைதனுக்கு ஆறு. நீண்ட பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ‘தே’யின் கொம்பு உதிர்ந்து ‘த’ மட்டும் நிற்கும். இடைவெளி பார்த்து வெட்டுங்கள்.

பெரிய தலைவலி வேறு. ‘தவறணை’ என்றால் என்ன என்று பாட்டிடம் கேட்டேன், ‘கள்ளுக்கடை’ என்றது. யாழ்ப்பாணத்தில் அது சரி. மலையகத்தில் நமக்கு அது தேயிலை நாற்றுமேடை அல்லவா! கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), பேரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) என்று ஐம்பது சொற்களை அம்மாவிடம் கேட்டு அர்த்தத்தோடு ஒரு ஃபைலில் எழுதினேன். கேள்வியில் வரும் சொல்லுக்குரிய வரியைப் ப்ராம்ப்டில் (மொடலுக்குக் கொடுக்கும் குறிப்பில்) சேர்த்தே அனுப்புகிறேன். பட்டியலில் இல்லாத சொல் மொடலிடம் போகவே போகாது. ‘தெரியாது’ என்று பைதனே சொல்லிவிடும்.

அம்மாவுக்குப் பதில்களை வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரிதான். ஆனா தொர மாதிரியில்ல பேசுது” என்றார். ப்ராம்ப்டை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.