பூனை வார்டில் நாய் சத்தம்: சுவருக்கு மேலே இருந்த ஓட்டை

பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு கடைவீடுகளைச் சேர்த்து எங்கள் விலங்கு மருத்துவமனையைப் புதிதாக எழுப்பினோம். திறந்த முதல் வாரமே பூனை வார்டில் ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை, அடுத்த வார்டில் ஒரு நாய் குரைத்தால் போதும், எல்லாம் கூண்டின் பின்மூலையில் ஒடுங்கிவிடும். நடுவில் செங்கல் சுவர், கனமான கதவு. கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம், சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தோம், 9 நாள் வீண். அந்தப் பலகை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது.

அப்புறம் ஒரு ராத்திரி பூனை வார்டில் விளக்கை அணைத்தபோது தொங்கு சீலிங் பலகையின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு. நாய் வார்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! ஏணி வைத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், சுவர் சீலிங்கோடு நின்றிருக்கிறது, மேலே காங்கிரீட் தளம் வரை இரண்டடி வெட்டவெளி. வரைபடத்தில் சுவர் தளம் வரை போகிறது. ஒப்பந்தத் தொகையில் பிடித்து வைத்திருந்த 5 விழுக்காட்டை இன்னும் விடவில்லை என்பதால் கட்டடக் குத்தகையாளர் உடனே வந்தார், தளம் வரை செங்கல் ஏற்றினார். ஏர்கான் குழாய் நுழையும் ஓட்டைகளைச் சுற்றியும் அடைக்கச் சொல்லுங்கள், விரல் அளவு இடைவெளியிலும் சத்தம் வரும்.

மறுநாள் காலை, மூன்று நாளாய்த் தட்டைத் தொடாத மஞ்சள் பூனை மீனைத் தின்று முடித்திருந்தது.