ஜேசிபியைக் கூப்பிடும் முன்: கிராமத்து மனையில் நடக்கும் மண்வேலைத் தவறுகள்

கடலூர்ப் பக்கம் ஒருவர் வீடு கட்டப் போகிறார் என்றால் முதலில் விசாரிப்பது ஜேசிபி மணிக்கு எவ்வளவு என்றுதான். வாடகையும் வாஸ்து நாளும் முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்த நிம்மதி. அடைமழையில் அந்த மனைக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கமாக வடிகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்த மண்வேலைக் கோளாறுகளில் பெரும்பாலானவை அதைக் கேட்காமல் விட்டதால் வந்தவை. எங்கள் வீட்டுக் கதையும் அதில் ஒன்று.

பஞ்சாங்கப்படி வருடத்துக்கு வாஸ்து நாள் எட்டு. அதில் ஐப்பசி 11, கார்த்திகை 8 இரண்டும் நம் ஊர் மழைக்காலத்தின் நடுவே வந்து உட்காருகின்றன. நாங்கள் ஐப்பசியில் பூமி பூஜை போட்டு, ‘வண்டி வந்ததே வந்தது’ என்று அன்றைக்கே நாலடி ஆழத்துக்கு வாணம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், எடுத்துவிட்டோம். தோண்டிய மண்ணை வாணத்தின் ஓரத்திலேயே குவித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஓரத்து மண் நனைந்து கனத்து, வாணத்தின் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே சரிந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, மறுபடி வேலையைத் தொடங்கத் தை பிறந்துவிட்டது. தோண்டிய கூலி இரண்டு முறை.

நாள் முக்கியம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பூஜையை அன்றைக்கே போடுங்கள். ஈசானிய (வடகிழக்கு) மூலையில் ஒரு சின்னக் குழி எடுத்துச் செங்கல் வைத்துவிட்டு, முழு வாணத்தைத் தைக்குத் தள்ளிப் போடுங்கள். தோண்டிய மண்ணை வாணத்தின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். கடைசி அரையடியை ஜேசிபிக்கு விடாமல், பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) போடும் நாளன்று ஆள் வைத்து மண்வெட்டியால் எடுப்பது நல்லது. அடிமண் நனைந்து கொழகொழத்திருந்தால் அதை வழித்தெடுத்துவிட்டுத்தான் ஜல்லி இறங்க வேண்டும். தவறுதலாக ஆழம் கூடிப்போனால் தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு நிரவாதீர்கள். அந்தப் பள்ளத்தையும் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்த தவறு, பக்கத்து ஊர் வீட்டைப் பார்த்து நம் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) ஆழம் முடிவு செய்வது. இந்த மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரி விளையும் செம்மண். காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரத்து வயல்களிலும் புதுச்சேரியில் பாகூர்ப் பக்கமும் களிமண். கடலோரம் வெறும் மணல். களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதில் மேலாக நிற்கும் கடைக்கால் வருடா வருடம் ஏறி இறங்கி, சுவரில் சாய்வாக விரிசல் விடும். மனையின் இரண்டு மூலைகளில் ஆறடிக்குச் சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். ஈரமண்ணைக் கையில் உருட்டும்போது உடையாமல் நூல் மாதிரி நீண்டால் களி அதிகம் என்று அர்த்தம். அப்படியானால் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பாமல் மண் பரிசோதனை செய்து, பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். கட்டின வீட்டில் விரிசலைப் பூசி மறைக்கிற செலவோடு பார்த்தால் இது சில்லறை.

வயல் ஓரத்து மனையாக இருந்தால் புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தை) விரித்து வைத்துப் பாருங்கள். சித்திரையில் புல் முளைத்துக் கிடக்கும் பள்ளம் படத்தில் ஓடையாகவோ வாய்க்காலாகவோ இருக்கலாம். ‘தண்ணீர் வந்தே பல வருஷம் ஆச்சு’ என்று அதைத் தூர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டது. தண்ணீருக்குப் பழைய வழி மறப்பதில்லை. சர்வேயரை வைத்து அளந்து எல்லைக் கல் நட்ட பிறகு, வாணம் எடுக்கும் இடத்தைக் குறிக்க நூல் கட்டுங்கள். வேலியை நம்பி நூல் கட்டாதீர்கள்.

பேஸ்மட்ட (வீட்டுத் தரைமட்ட) உயரத்தை எல்லோரும் ரோட்டை வைத்துச் சொல்வார்கள். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே போகிறது. அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் 2015லும் 2024லும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, அந்த அடையாளத்தை டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து மனைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மனை முழுவதையும் மேடாக்கித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினால், அப்புறம் பஞ்சாயத்தில்தான் தூங்க வேண்டும்.

பேஸ்மட்டத்துக்குள் நிரவும் மண்ணின் கணக்கிலும் ஏமாறுவது சகஜம். 1,000 சதுர அடிக்கு மூன்றடி உயரம் என்றால் 3,000 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் 30 யூனிட். ஆனால் டிப்பரில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்தால் நாலில் ஒரு பங்கு போல அமுங்கும் என்று வைத்து 40 யூனிட்டுக்குத் திட்டமிடுங்கள். மூன்றடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே தண்ணீர் பாய்ச்சுவது பெரிய தவறு. தரை ஒரு வருடத்தில் உள்வாங்கி, டைல்ஸ் டொக்கு டொக்கு என்று சத்தம் போடும். அரையடி, முக்காலடி அடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசு போட்டு (இடிகட்டையால் இடித்து) இறுக்க வேண்டும். வயல் களியை நிரவப் பயன்படுத்தாதீர்கள். கிராவலோ செம்மண்ணோ போதும். மண் கொண்டுவருபவரிடம் கனிமவளத் துறை அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். ‘ஏரி மண்தான், ஒன்னும் ஆகாது’ என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மனையின் மேல்மண்ணை மட்டும் தனியாக ஒதுக்கி வையுங்கள், தென்னை வைக்க உதவும்.

செப்டிக் டேங்க்கின் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறு, போர்வெல்லுக்கும் நடுவில் 60 அடி இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து. போர்வெல்லை முதலில் போட்டுவிடுங்கள். வாணம் எடுத்த பிறகு போர் லாரி உள்ளே வர வழி இருக்காது.

ஜேசிபி வரும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் மனையில் நிற்க வேண்டும். வண்டி வந்ததும் மணி மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது இன்னொன்று. எங்கள் வீட்டில் டிரைவர் டீ குடித்த முக்கால் மணி நேரத்துக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.