பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி: அக்காவின் மேசையில் ஒரு சனிக்கிழமை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருடைய மடிக்கணினி 2014இல் வாங்கியது. பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "புதுசே வாங்கிடலாம் தம்பி" என்றார். அடிப்பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் கறக் கறக் என்று எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அந்தத் தேடல்தான் கோளாறு. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு இருக்கும். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் அதன் படிப்பு முனை இடம் மாறிப் போய் நிற்க 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். விண்டோஸ் கிளம்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள். எஸ்எஸ்டி என்பது சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். அதில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லை, அதே வேலை 0.1 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்

முதல் முறை என் சொந்தக் கணினிக்கு மாற்றியபோது, துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கி, லோ யாட் பிளாசாவில் இருப்பதிலேயே வேகமானதைக் கேட்டு வாங்கி வந்தேன். சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தது, எம்.2 என்விஎம்இ என்ற புதிய இணைப்பு வகை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அதைச் செருக இடமே இல்லை.

அதனால் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரும் பராமரிப்புக் கையேட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்து வருடப் பழைய கணினியானால் பெரும்பாலும் சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் வரும் 2.5 அங்குல டிஸ்க்தான். சாட்டாவில் எவ்வளவு நல்லதைப் போட்டாலும் விநாடிக்கு சுமார் 550 எம்பிதான் உச்சம். ஆகவே அதிக விலைக்காரனைத் தேட வேண்டாம். தடிமன் 7 மி.மீ. இருக்கட்டும், பழைய 9.5 மி.மீ. இடத்திலும் அது உட்காரும். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் "16 டிபி எஸ்எஸ்டி" பக்கம் போகவே போகாதீர்கள். உள்ளே ஒரு மெமரி கார்டுதான் இருக்கும்.

அடுத்தது கொள்ளளவு. அக்காவின் டிஸ்க் 500 ஜிபி, நான் வாங்கியது 480. அவர் நிரப்பியிருந்தது 140தானே என்று நினைத்தேன். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. இலக்கு டிஸ்க், மூல டிஸ்க்கை விடச் சிறிதாக இருக்கக்கூடாது என்பது அதன் வழக்கமான விதி. விண்டோஸில் சி பகுதியைச் சுருக்கினேன். அப்போதும் டிஸ்க்கின் கடைசியில் மீட்புப் பகுதி ஒன்று நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருந்தது. 20 ஜிபிக்காக ஒரு மாலை போனது. நீங்கள் 500 அல்லது 512 ஆகவே வாங்கிவிடுங்கள். கூடவே யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்றும்.

நகல் எடுப்பது

விண்டோஸைப் புதிதாகப் போடுவது சுத்தமான வழி என்பார்கள், உண்மைதான். ஆனால் அக்காவிடம் பழைய முரசு அஞ்சல் எழுத்துருக்களில் தட்டிய கேள்வித்தாள்கள் மலைபோல் கிடந்தன. எல்லாம் யூனிகோடுக்கு முந்தையவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் முழு நகல்.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை காட்டினால் நகலை ஒத்திவைத்து, முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நல்ல நிலை என்று நீலமாகக் காட்டினாலும் படங்களையும் ஆவணங்களையும் தனியாக ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

அப்புறம் எஸ்எஸ்டியைக் கேபிளில் மாட்டுங்கள். சாம்சங், குருஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்றவை தங்கள் டிஸ்க்குகளுக்கு இலவச நகல் மென்பொருள் தருகின்றன. புதியவர்களுக்கு அது சுலபம். எதைப் பயன்படுத்தினாலும் ஒரு திரையில் மட்டும் நிதானியுங்கள்: மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும் இடம். மாற்றிச் சொன்னால் வெற்று டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டுமே 500 ஜிபி என்றால் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

திறந்து மாட்டுவது

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி உள்ளே இருக்கும் வகையானால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை முதலில் உருவிவிட வேண்டும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றியதைக் கழற்றிய இடத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். அக்காவின் கணினிக்குள் எறும்புக் கூடு இருந்தது, வெள்ளை முட்டைகளோடு. நம் ஊர் ஈரத்துக்கு இது அதிசயமில்லை. மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டேன்.

பழைய டிஸ்க்கை மேலே தூக்காதீர்கள். இணைப்பை விட்டு விலகும்படி பக்கவாட்டில் நகர்த்தினால் அதுவே வந்துவிடும். அதைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்குப் பொருத்துங்கள். இணைப்பின் உள்ளே ஆங்கில எல் வடிவ நாக்கு இருக்கும், தலைகீழாகச் செருக முடியாது. இறுக்கமாக இருந்தால் திருப்பிப் பாருங்கள், அழுத்த வேண்டாம்.

முதல் முறை கிளப்பும்போது பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டி வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். கிளம்பவில்லை என்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில், எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்ற பூட் வரிசையைச் சரிபாருங்கள். எல்லாம் சரி என்றால் டிஸ்க்கைச் சீராக்கும் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' பகுதியில் அதன் வகை 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று வந்திருக்கும்.

ஒன்று மட்டும் எஸ்எஸ்டியால் ஆகாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. இந்த வயதுக் கணினிகளின் பிராசசர்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அக்காவுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் முணுமுணுக்கிறார்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். அக்காவுடையது ஒரு யூஎஸ்பி உறைக்குள் போய், கேள்வித்தாள்களோடு அலமாரியில் இருக்கிறது. தேநீர் கலக்க மட்டும் இப்போது நேரம் கிடைப்பதில்லையாம்.