ஆஸ்துமா: இயற்கை வைத்தியத்தில் எங்கே சறுக்குகிறோம்

இஞ்சிக் கஷாயம் இறங்கியதும் தொண்டை இதமாகிவிடும். ஆனால் ஆஸ்துமா இருக்கும் இடம் தொண்டை அல்ல. நெஞ்சுக்குள் கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, மிச்ச வழியைச் சளி அடைப்பதுதான் இளைப்பு. கஷாயம் போய்ச் சேர்வதோ இரைப்பைக்கு. இஞ்சி, மஞ்சள், தேன் எல்லாம் உணவோடு சேர்வதில் தப்பில்லை (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது). அந்த இதத்தை நம்பி நோய் அடங்கிவிட்டதாகக் கணக்குப் போடுவதில்தான் சிக்கல்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது தடுப்பு இன்ஹேலர். இளைப்பு வந்ததும் இழுக்கும் நிவாரண இன்ஹேலரான சால்பியூடமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், ஆனால் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்; தடுப்பு இன்ஹேலர் இதுதான். இளைப்பு வரவில்லையே என்று அதை நிறுத்தினால், வீக்கம் சத்தமில்லாமல் திரும்பும். பிறகு ஒரு ராத்திரி இருமல் எழுப்பும். ஸ்டீராய்டு என்ற பெயரே பலரை மிரட்டுகிறது. அளவைப் பாருங்கள்: ஒரு பஃப்பில் (ஒருமுறை அடிப்பதில்) பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். தடுப்பு மருந்தை விட்டு, இளைப்பு முற்றிப் போனால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம்கூடத் தருவார்கள். மருந்துகள் வேறுதான், ஆனாலும் மைக்ரோவுக்கும் மில்லிக்கும் நடுவே ஆயிரம் மடங்கு.

உண்மையில் பயப்பட வேண்டியது லேபிள் இல்லாத பொடிக்குத்தான். பல வருட இளைப்பு மூன்றே நாளில் மறைந்தால், அதில் ஸ்டீராய்டு மாத்திரை அரைத்துக் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் பொடியையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதிமதுரத்தைத் தினமும் நிறைய எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சால்பியூடமாலும் பொட்டாசியத்தை இறக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம் மாறலாம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சரி, இளைப்புக்கு அல்ல. அதில் விடும் யூகலிப்டஸ் தைலம், கற்பூரத்தின் நெடியே சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகளும் உண்டு.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும் பழக்கம் அறிகுறிகளைக் குறைக்கும், பதற்றத்தையும் அடக்கும்; வீக்கத்தை மட்டும் ஆற்றாது. வேகவேகமாக மூச்சுவிடும் வகைகள் குழாயை உலர்த்தி இளைப்பைக் கிளப்பலாம். உடற்பயிற்சியை அறவே விடுவதும் தவறு. 10 முதல் 15 நிமிடம் மெல்ல உடம்பைச் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தூசிப் பூச்சி ஒவ்வாமை இருந்தால், படுக்கை விரிப்பைத் தண்ணீரில் அலசினால் மட்டும் பூச்சி சாகாது. வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

சரி, இதத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது? பீக் ஃப்ளோ மீட்டரை; மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சின்னக் கருவி அது. நின்றபடி முள்ளை அடியில் வைத்து, மூச்சை நிறைய இழுத்து, உதடுகளை இறுக்கி ஒரே மூச்சில் வெடுக்கென ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமானதை மட்டும் குறியுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதினால் உங்கள் உச்ச அளவு தெரியும். அது 400 என்றால், 320-க்கு (உச்சத்தில் 80 சதவீதம்) மேல் கவலையில்லை. 200-க்கும் 320-க்கும் நடுவே என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்டணும். எந்தப் புது வைத்தியத்தையும் இந்த எண்ணை வைத்தே எடைபோடுங்கள்.

உங்கள் உச்ச அளவில் பாதிக்குக் கீழே (400 என்றால் 200-க்குக் கீழே) போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். சால்பியூடமாலை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குழல்) ஒவ்வொரு பஃப்பாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு இழுக்கச் சொல்லி, மொத்தம் 4 பஃப். 4 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு 4. வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். அடுப்பில் எதையும் ஏற்றப் போகாதீர்கள்.