உளுவை மாதிரிகளுக்குப் பதிவேடு எழுதும் முறை

கழிமுகங்களிலும் பாறைக் குட்டைகளிலும் பிடிபடும் உளுவை (கோபி) மீன்களில் பல, விரல் நீளம்கூட இல்லாதவை. குப்பியில் நிறம் வெளுத்த பிறகு அவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால், மீனுக்குள்ள மதிப்பு அதன் பதிவுக்கும் உண்டு.

பதிவைக் கரையிலேயே தொடங்க வேண்டும். உயிர்நிறம் மறைவதற்குள் ஒளிப்படம் எடுத்து, வலப்பக்கத் தசைத்துண்டு ஒன்றை 95 விழுக்காட்டு எத்தனாலில் இட்ட பின்னரே மீனை 10 விழுக்காட்டு ஃபார்மலினில் இட வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் இவ்வரிசையை மாற்றலாகாது. நாள், அட்ச தீர்க்க ரேகைகள், ஆழம், உவர்ப்பு, அடித்தரை மணலா சேறா என்பது, பயன்படுத்திய வலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரையும்; வெளியே ஒட்டிய சீட்டு என்றாவது உதிரும்.

இனங்காணும்போது வயிற்றுப்புறத் துடுப்புகளை உருப்பெருக்கியில் பாருங்கள். பெரும்பாலான உளுவைகளில் அவை இணைந்து, பாறையைப் பற்றும் சிறு கிண்ணம்போல் இருக்கும். ஆனால் எவியோட்டா என்னும் உளுவைப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) இயல்பாகவே பிரிந்திருக்கும். மெல்லிய சவ்வு வலையில் கிழிந்தாலும் பிரிந்ததுபோலவே தோன்றுமாகையால், "சவ்வு கிழிந்துள்ளது" என்று கண்டதை எழுதுங்கள். ஐயமிருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பழைய சீட்டுகளைக் கணினியில் ஏற்றும்போதுதான். 19ஆம் நூற்றாண்டில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே சேகரித்த இந்திய மீன்கள் இன்று லண்டன், கொல்கத்தா, சிட்னி எனச் சிதறிக் கிடக்கின்றன. அக்காலத்துச் சீட்டு ஒன்றில் "மதராஸ்" என்று மட்டும் இருந்தால் அது நகரமாகவும் இருக்கலாம், இன்றைய ஒடிசாவின் கஞ்சத்திலிருந்து கேரளத்தின் மலபார்வரை இரு கடற்கரைகளையும் கொண்டிருந்த மாகாணமாகவும் இருக்கலாம். அதைச் சென்னைத் துறைமுகத்தின் ஆயத்தொலைவாக மாற்றிவிட்டால், அரபிக்கடல் மீன் ஒன்று பரவல் வரைபடத்தில் வங்கக்கடலுக்கு வந்துவிடும்; பின்னால் வருபவர் அப்பிழையைக் கண்டுபிடிக்க வழியே இராது. எனவே சீட்டிலுள்ள சொற்களை எழுத்துப் பிசகாமல் கணினிப் பதிவின் ஒரு புலத்திலும் (கட்டத்திலும்), உங்கள் ஊகத்தையும் அதன் பிழை எல்லையையும் தனிப் புலங்களிலும் பதியுங்கள்.

பெயருக்கும் இதே நெறிதான். இயற்கையியலாளர் ஹாமில்டன் 1822இல் கோபியஸ் ஜியூரிஸ் என விவரித்த மீன் இன்று குளோசோகோபியஸ் ஜியூரிஸ். புதுப்பெயரை இனங்கண்டவர், ஆண்டு ஆகிய விவரங்களுடன் சேர்க்க வேண்டுமே தவிர, பழையதை அழிக்கக் கூடாது. குப்பியை மாற்றும்போதும் பழைய சீட்டு, எவ்வளவு நைந்திருந்தாலும், புதியதோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும்.