கல்வெட்டில் பொடி எழுத்து அடைபடாமல் லேசர் பிரிண்டரில் எடுக்கும் முறை

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டில் முதலில் கெடுவது வம்சாவளிப் பக்கம்தான். ஏ5 தாளுக்குள் நாலு தலைமுறையை அடக்க எழுத்தை 6 பொயின்ற்றுக்கு இறக்குவார்கள். அச்சில் 'ணி', 'ஞா' போன்றவற்றின் சுழி கறுப்பாக அடைபட்டு, மெய்யெழுத்தின் குற்று (மேற்புள்ளி) எழுத்தோடு ஒட்டிவிடும். பிரிண்டரைக் குறை சொல்லுமுன் கோப்பைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்த பக்கத்தை எந்தப் பிரிண்டராலும் திருத்த முடியாது. படமாக்கிச் சுருக்கும்போதே எழுத்தின் விளிம்பில் சாம்பல் நிறம் ஏறிவிடும். பிரிண்டரிடம் சாம்பல் நிற ரோனர் (அச்சுத் தூள்) இல்லை. அந்த விளிம்பைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிடும், எழுத்து பல்லுப்பல்லாக வரும். தட்டச்சுச் செய்த கோப்பிலிருந்தே, எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎப் எடுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் கட்டாயம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறி நிற்கும்.

600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு புள்ளி 0.042 மில்லிமீற்றர். 0.25 பொயின்ற் கோட்டுக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். ஆகவே வம்சாவளிக் கோட்டை 0.5 பொயின்ற்றில், முழுக் கறுப்பில் போடுங்கள். சாம்பல் கொடுத்தால் துண்டு துண்டாகும். எழுத்து 7 பொயின்ற்றுக்குக் கீழே வேண்டாம். கறுப்புக்குள் வெள்ளை எழுத்தென்றால் 9, அதுவும் தடித்தது.

அச்சிடும்போது 1200 டிபிஐ இருந்தால் அதைத் தெரியுங்கள், ரோனர் சேமிப்பை நிறுத்துங்கள், அளவு 100 வீதம். அடுத்ததில்தான் பலர் பிழைவிடுகிறார்கள்: எழுத்து தெளிவாக வரட்டும் என்று அடர்த்தியைக் கூட்டுவார்கள். கூட்டினால் ரோனர் பரவிச் சுழி அடைபடும். ஒரு படி குறையுங்கள். 5, 6, 7 பொயின்ற்றில் ஒரே வரியை ஒவ்வொரு அடர்த்தியிலும் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். 'ணி'யின் சுழிக்குள் வெள்ளை தெரிய வேண்டும், மெல்லிய வளைவும் அறுபடக் கூடாது. அந்தப் படிதான் சரி.

அமரரின் படத்துக்குக் கணக்கு வேறு. அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும். 600 டிபிஐ பிரிண்டரில் சாம்பலைக் காட்டும் புள்ளி வரிசைகளை அங்குலத்துக்கு 106 வரி வைத்தால் ஏறக்குறைய 32 சாம்பல் படிகள்தான் கிடைக்கும், கன்னத்தில் பட்டை விழும். பிரிண்டரின் டிரைவர் மென்பொருளில் மாற்ற இடமிருந்தால் 85 வரி வையுங்கள். ஏறக்குறைய 50 படிகள் கிடைக்கும், முகம் மென்மையாக வரும்.

மாரிகாலத்தில் பிரித்த பேப்பர் கட்டு ஈரம் இழுக்கும். ஈரத் தாளில் மின்னேற்றம் நிற்காது, ரோனர் திட்டுத் திட்டாக ஏறும். மிச்சத்தைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள், தட்டில் இரவு விடாதீர்கள். அட்டைக்குத் தடித்த தாள் என்ற தெரிவைக் கொடுக்காவிட்டால் சூடு போதாமல் ரோனர் விரலோடு வரும். இங்க்ஜெட் பளபளப்புத் தாளை உள்ளே விடவே வேண்டாம், உருகி உருளையில் ஒட்டும்.

ஒரே கறை திரும்பத் திரும்ப விழுந்தால் இடைவெளியை அடிமட்டத்தால் அளவுங்கள். 75 மில்லிமீற்றர் என்றால், ரோனரை ஏந்தித் தாளுக்கு மாற்றும், 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள டிரம் உருளையில் கீறல் இருக்கிறது. துடைத்துப் போகாது, மாற்றத்தான் வேண்டும்.